விதைக் கோதுமையும் வேட்டைக்காரர் நிலாவும்



மகள் வீட்டுல ஆறு மாசம் இருந்துட்டு அமெரிக்காவுல இருந்து திரும்பி வருஷம் ஒண்ணாகப் போகுது. இன்னமும் டீக்கடையில உக்காந்தா யாராவது ஒருத்தர் கேக்குறாங்க, "நயாகரா பாத்தீங்களா, நியூயார்க் போனீங்களா"ன்னு. ரெண்டுக்கும் போகலீங்க. "அப்ப என்னதான் பண்ணுனீங்க?"ன்னா, புத்தகம் படிச்சேன்னு சொல்லுவேன். சிரிக்கிறாங்க. புத்தகம் படிக்கறதுக்கு எதுக்குங்க இத்தனை ஏரோப்ளேன் சார்ஜுன்னு எங்க பங்காளி ஒருத்தர் கேட்டே போட்டாரு. அவருக்குப் பதில் சொல்ற மாதிரி இன்னைக்கு இதை எழுதறேன். கத்திரிக்காய் விலை பத்தி எழுதறேன்னு சொன்னது அடுத்த வாரத்துக்குப் போகட்டும்.

மகளும் மாப்பிள்ளையும் இருக்கறது இண்டியானா மாநிலத்துல லாஃபயெட்ங்கிற ஊரு. பக்கத்துலயே பர்டியூ பல்கலைக்கழகம். செப்டம்பர்ல போனோம், மார்ச் வரைக்கும் இருந்தோம். அவங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டா, நானும் எங்க வீட்டுக்காரியும் ஜன்னல் வழியா ரோட்டைப் பாத்துக்கிட்டு இருக்கணும். ரோட்டுல ஒரு ஆளும் நடக்க மாட்டாங்க. சுத்தி எல்லாம் மக்காச்சோளமும் சோயாபீன்சும்தான், ஆனா ஒரு காட்டுலயும் மனுஷன் கண்ணுல படல. அந்த நேரத்துலதான் பேத்தி பள்ளிக்கூட நூலகத்துல இருந்து ஒரு புத்தகம் கொண்டாந்தா. ஒம்பது வயசு. "அப்புச்சி, இதுல கிணறு வெட்டறாங்க, உங்களுக்குப் பிடிக்கும்"னா.

லாரா இங்கால்ஸ் வைல்டர்னு ஒரு அம்மா எழுதின புத்தகங்க. 1867ல பொறந்தவங்க. அறுபத்தஞ்சு வயசுலதான் அவங்க முதல் புத்தகம் 1932ல வந்திருக்கு. தான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப அப்பா அம்மாவோட வண்டி கட்டிக்கிட்டு மேற்கே மேற்கேன்னு போயி, காட்டுலயும் புல்வெளியிலயும் குடியேறின கதை. குழந்தைகளுக்கு எழுதின இங்கிலீஷ், அதனால என்னோட பத்தாங்கிளாஸ் இங்கிலீஷுக்குச் சரியா இருந்துச்சு. தெரியாத வார்த்தைக்குப் பேத்தி அர்த்தம் சொல்லுவா. அவளுக்குத் தெரியாத பண்ணைய வேலைக்கு நான் அர்த்தம் சொல்லுவேன். இப்படி ஒரு ஒப்பந்தம்.

அந்தக் கிணறு வெட்டற இடத்தைச் சொல்லணும். லாராவோட அப்பாவும் பக்கத்துக் காட்டுக்காரரும் சேர்ந்து வெட்டறாங்க. தினமும் காலையில உள்ளே இறங்கறதுக்கு முன்னாடி, அப்பா ஒரு மெழுகுவத்தியைக் கொளுத்திக் கயித்துல கட்டி உள்ளே விட்டுப் பாப்பாரு. அது அணையாம இருந்தாத்தான் இறங்குவாரு. பக்கத்துக் காட்டுக்காரருக்கு இது வெட்டி வேலைன்னு நெனப்பு. ஒருநாள் விளக்கை விடாம இறங்கி, மூச்சு முட்டி உள்ளேயே விழுந்துடறாரு. நான் பேத்தியை நிறுத்தச் சொல்லிட்டேன். எங்க பக்கம் கிணத்துல தூர் வாரறதுக்கு முன்னாடி அரிக்கேன் விளக்கு கட்டி விடறதை நான் கண்ணால பாத்திருக்கேன். விடாம இறங்கி செத்தவங்க பேரும் ஊர்ல சொல்லுவாங்க. கன்சாஸ்னு எங்கயோ இருக்கற ஒரு ஊர்ல நூத்தம்பது வருஷத்துக்கு முந்தி அதே விஷவாயு, அதே விளக்கு. அதுக்கப்புறம் அந்தப் புத்தகத்தை நான்தான் விடல.

இந்த மாதிரிப் புத்தகத்துல என்னை இழுத்தது இதுதானுங்க. ராஜா பேரு, போர் நடந்த தேதி எல்லாம் பத்தாவதுல மனப்பாடம் பண்ணி, பரிட்சையில எழுதி, அன்னைக்கே மறந்தாச்சு. இதுல ஆணி இல்லாம கதவு செய்யறது எப்படி, பன்னிக்கறியைப் புகை போட்டு வெக்கறது எப்படின்னு கை வேலையா வருது. படிக்கறவனுக்குக் கை ஊறுது. கை ஊறினா, "இது நெசமா, இப்படிச் செஞ்சா நிக்குமா"ன்னு ஒரு கேள்வி வரும். வரலாறு எனக்கு அந்தக் கேள்வியில இருந்துதான் ஆரம்பிச்சுது.

அக்டோபர் மாசம் மாப்பிள்ளை ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு. ஊருக்கு வெளிய வாபாஷ்னு ஒரு ஆறு, அதுங்கரையில வருஷா வருஷம் திருவிழா மாதிரி ஒண்ணு நடக்குது. 'வேட்டைக்காரர் நிலா விருந்து'ன்னு பேரு. 1968ல இருந்து நடத்தறாங்க. வீயாட்டனான்னு ஒரு பிரெஞ்சுக் கோட்டை 1717ல அந்த ஆத்தங்கரையில கட்டியிருக்காங்க. கோட்டைன்னா நம்ம செஞ்சி மாதிரி இல்லீங்க, மரக்கட்டையை நட்டு வேலி போட்டு உள்ளே நாலு வீடு. வியாங்கிற பூர்வகுடி மக்களோட ஊரை ஒட்டி, அவங்ககிட்ட விலங்குத் தோலை வாங்கி, பதிலுக்குத் துணி, கத்தி, சட்டி பானை கொடுக்கற வியாபாரத்துக்காகக் கட்டினது. அந்தக் காலத்து இலையுதிர்கால வியாபாரக் கூட்டம் மாதிரி இப்ப ரெண்டு நாள் நடத்திக் காட்டறாங்க.

போற வழியில மாப்பிள்ளை ஒரு விஷயம் சொன்னாரு. அது எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஏழு வருஷப் போர்னு 1756ல இருந்து 1763 வரைக்கும் இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் உலகம் பூரா அடிச்சுக்கிட்டாங்கல்ல, அந்தப் போர்ல 1761 ஜனவரியில நம்ம புதுச்சேரி இங்கிலீஷ்காரன் கைக்குப் போச்சு. அதே 1761லதான் இந்த வீயாட்டனான் கோட்டையும் அவன் கைக்குப் போச்சு. புதுச்சேரி பின்னாடி பிரெஞ்சுக்காரனுக்குத் திரும்பி வந்துச்சு, இது வரல. ஒரே கம்பளியில ரெண்டு மூலை மாதிரி. பத்தாவது புத்தகத்துல புதுச்சேரி மட்டும்தான் இருந்துச்சுங்க.

சரி, விருந்துக்கு வருவோம். ஆயிரக்கணக்குல சனம். ஆனா உள்ள கூடாரம் போட்டு இருக்கறவங்க அத்தனை பேரும் அந்தக் காலத்து உடுப்பு. கம்பளித் துணி, லினன் சட்டை, மான் தோல்ல காலுக்கு உறை. தையல் மிஷின் தையல் வெளிய தெரியக்கூடாதாம், கையாலேயே தைச்சிருக்காங்க. கைக்கடிகாரம் கிடையாது, பிளாஸ்டிக் கிடையாது. இரும்புச் சட்டிக்கு மேல மூடி போட்டு, மூடி மேலயும் தணல் கொட்டி ரொட்டி சுடறாங்க. ஒருத்தர் சிக்கிமுக்கிக் கல்லுல இரும்பைத் தட்டி, கருக்கின துணியில பொறியைப் பிடிச்சு, ஊதி ஊதி நெருப்பாக்கினாரு. எங்க வீட்டுக்காரி, "எங்க அம்மாயி காலத்துல இப்படித்தான் பத்த வெப்பாங்களாம்"னு தமிழ்லயே அவருகிட்டச் சொன்னா. அவரும் புரிஞ்ச மாதிரி தலையாட்டினாரு.

இதுக்கு ரீஎனாக்ட்மென்ட்னு பேரு. நம்ம ஊர்ல வேஷம் கட்டறதுன்னு சொல்லிடலாம்னுதான் முதல்ல நெனச்சேன். ஆனா கூத்துல வேஷம் கட்டறவரு பாட்டும் வசனமும் மனப்பாடம் பண்ணி வருவாரு. இவங்க மனப்பாடம் பண்ணி வரல. ஒருத்தருகிட்ட மாப்பிள்ளையை வெச்சுப் பேச்சுக் கொடுத்தேன். வயசு எனக்குப் பக்கமா இருக்கும். லாரி ஓட்டறவராம். நீளமான துப்பாக்கியை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. எப்படிங்க இதுல வந்தீங்கன்னு கேட்டா, "பன்னெண்டு வயசுல ஒரு புத்தகம் படிச்சேன்"னாரு. ஆலன் எக்கர்ட்னு ஒருத்தர் 1967ல எழுதின 'தி ஃப்ரான்டியர்ஸ்மென்'. எல்லைக்காட்டு மனுஷங்கன்னு வெச்சுக்கலாம். அந்தப் புத்தகத்தை எத்தனை தடவை படிச்சாருன்னு கணக்கே இல்லையாம்.

அவரு சொன்னது எனக்கு நல்லா புரிஞ்சுது. அந்தக் காலத்துல லூயிஸ் வெட்ஸல்னு ஒரு காட்டு மனுஷன், ஓடிக்கிட்டே துப்பாக்கியில மருந்து போட்டு ரவை போட்டு சுடுவாருன்னு பேரு. மருந்தை அளந்து கொட்டணும், துணியில சுத்தின ரவையைக் குழாய் வாயில வெக்கணும், கோலால இடிச்சு இறக்கணும், பக்கத்துல இருக்கற கிண்ணத்துல இன்னும் கொஞ்சம் மருந்து வெக்கணும். நின்னுக்கிட்டுச் செய்யறதே சிரமம். இது கதையா நெசமான்னு பாக்கறதுக்கு இந்த லாரி டிரைவர் ஒரு துப்பாக்கி வாங்கி, காலி மைதானத்துல வருஷக்கணக்கா ஓடிப் பாத்திருக்காரு. "முடியுமா?"ன்னு கேட்டேன். "முடியும், ஆனா மருந்துல பாதி பூமிக்குப் போயிடும்"னு சிரிச்சாரு. அப்புறம் சட்டை எப்படி இருந்துச்சுன்னு ஒரு சந்தேகம். அதுக்காக, செத்துப்போனவங்க வீட்டுல என்னென்ன சாமான் இருந்துச்சுன்னு கோர்ட்டுல எழுதி வெச்ச பட்டியலைத் தேடிப் படிக்க ஆரம்பிச்சாராம். வியாபாரிகளோட கணக்கு நோட்டு படிச்சாராம். காலேஜ் பக்கம் போகாத மனுஷன். இத்தனையும் ஒரு கதைப் புத்தகத்துல ஆரம்பிச்சது.

நான் பாத்ததுல எனக்குப் பிடிக்காததும் உண்டு. பொழுதுக்கும் வெடிச் சத்தம். சும்மா வெறும் மருந்தைப் போட்டுச் சுட்டுக்கிட்டே இருக்காங்க, அதுக்குத்தான் கூட்டமும் நிக்குது. மக்காச்சோளம் உரிக்கறவங்க, நூல் நூக்கறவங்ககிட்ட நாலு பேருதான். அந்தக் காலத்துல ஒரு மனுஷன் வாழ்நாள்ல சுட்ட பொழுதைவிடக் களை எடுத்த பொழுது நூறு மடங்கு இருந்திருக்கும். களை எடுத்துக் காட்டறதுக்கு ஒரு ஆளும் இல்லீங்க.

நவம்பர்ல பனி விழ ஆரம்பிச்சுது. அப்பத்தான் பேத்தி லாராவோட 'தி லாங் வின்டர்' கொண்டாந்தா. 1880-81 குளிர்காலம், டகோட்டாவுல டி ஸ்மெட்ங்கிற சின்ன ஊர். அக்டோபர்லயே பனிப்புயல். ஜனவரியில ரயில் நின்னு போச்சு, மே மாசம் வரைக்கும் வரல. கரி தீர்ந்துடுச்சு, மரம் கிடையாது, வைக்கப்புல்லை முறுக்கி முறுக்கிக் கட்டையாக்கி எரிக்கறாங்க. மாவு தீர்ந்துடுச்சு, காப்பிக்கொட்டை அரைக்கற கைமிஷின்ல பொழுதுக்கும் கோதுமையை அரைச்சு ரொட்டி. கடைசியில கோதுமையும் தீருது.

அந்த ஊர்ல அல்மான்சோன்னு ஒரு இளந்தாரி. அடுத்த வருஷ விதைக்குன்னு வெச்சிருந்த கோதுமையை, தங்கியிருந்த இடத்துல பொய்ச்சுவர் ஒண்ணு அடிச்சு அதுக்குப் பின்னால ஒளிச்சு வெச்சிருக்கான். லாராவோட அப்பா ஒருநாள் வாளியைத் தூக்கிக்கிட்டு வர்றாரு. ஒண்ணும் பேசல. நேராச் சுவருகிட்டப் போயி, ஒரு ஓட்டையில அடைச்சிருந்த கட்டையைப் பிடுங்கறாரு. கோதுமை சலசலன்னு வாளியில கொட்டுது. அவருக்குத் தெரிஞ்சிருக்கு. வீட்டுல பிள்ளைங்க பசியோட இருக்காங்க.

பேத்திக்கு இதுல யாரு நல்லவங்கன்னு குழப்பம். ஊரே பசியா இருக்கறப்ப ஒளிச்சு வெக்கறது தப்பில்லையா அப்புச்சின்னு கேட்டா. விதையைப் பத்தி நான் அரைமணி நேரம் பேசினேனுங்க. பஞ்சத்துல பெருமாள் கோயில் வாசல்ல உக்காந்தாலும் விதைநெல்லுல கை வெக்கக் கூடாதுன்னு எங்க அப்பாரு சொல்லுவாரு. விதையைத் தின்னுட்டா இந்த வருஷம் பிழைப்போம், அடுத்த வருஷம்? அந்தப் பையன் கடைசியில என்ன செஞ்சான்னா, இன்னொரு சிநேகிதனைக் கூட்டிக்கிட்டு, எங்கயோ ஒரு குடியானவருகிட்டக் கோதுமை இருக்குன்னு வெறும் பேச்சை நம்பி, உறைபனியில சறுக்கு வண்டி கட்டிக்கிட்டுப் போறான். அந்தக் குடியானவரும் முதல்ல கொடுக்க மாட்டேங்கறாரு. ஏன்னா அதுவும் விதைக் கோதுமை! புஷலுக்கு ஒண்ணேகால் டாலர் வரைக்கும் ஏத்திப் பேசி, 60 புஷல் வாங்கிட்டு வர்றாங்க. நம்ம கணக்குக்கு ஒன்றரை டன்னுக்கு மேல. ஊருக்குக் கொண்டாந்தா, பணம் போட்ட கடைக்காரர் அதையே மூணு டாலருக்கு விக்கப் பாக்கறாரு. ஊரே திரண்டு போயி நியாயம் கேக்குது, அப்புறம் வாங்கின விலைக்கே கொடுக்கறாரு. எங்க மண்டி ஞாபகம் வந்துச்சு. இங்க திரண்டு போயிக் கேட்டா என்ன நடக்கும்னும் ஞாபகம் வந்துச்சு. அது கிடக்கட்டும்.

இன்னொரு புத்தகத்துல வெட்டுக்கிளி. விளைஞ்ச கோதுமைமேல மேகம் மாதிரி வந்து இறங்கித் தின்னுட்டுப் போகுது. கதைக்காகப் பெருசாக்கி எழுதியிருப்பாங்கன்னு நெனச்சு மாப்பிள்ளையைப் பாக்கச் சொன்னேன். நெசம்தானுங்க. 1870கள்ல ராக்கி மலை வெட்டுக்கிளி அந்த நாட்டு நடுப்பகுதியையே மொட்டையடிச்சிருக்கு. அதைவிட ஆச்சரியம், அந்த இனமே பின்னால அழிஞ்சு போச்சு. உயிரோட கடைசியாப் பிடிச்சது 1902ல. மருந்தடிச்சு அழிக்கல. அது முட்டை வெக்கற மலையோர ஆத்துப் படுகையெல்லாம் குடியானவங்க உழுது, மாடு மேய்ச்சு, தண்ணி பாய்ச்சினதுலதான் அழிஞ்சிருக்கும்னு ஆராய்ச்சியாளருங்க சொல்றாங்க. உழவு ஓட்டினவனுக்கே தெரியாது, தான் எதை உழறோம்னு.

எக்கர்ட் புத்தகத்தை மாப்பிள்ளை பொது நூலகத்துல இருந்து எடுத்துக்கொடுத்தாரு. தடிமனான புத்தகம், இங்கிலீஷும் கஷ்டம். ராத்திரி சாப்பிட்டதும் அவரு படிச்சுப் பொருள் சொல்லுவாரு, பகல்ல நான் போன்ல மொழிபெயர்ப்பை வெச்சுக்கிட்டு ரெண்டு பக்கம் தடவுவேன். சைமன் கென்டன்னு ஒருத்தரோட கதை அது. 1755ல வர்ஜீனியாவுல பொறந்தவரு. பதினாறு வயசுல ஒரு பொண்ணு விஷயமா நடந்த சண்டையில எதிராளி செத்துட்டான்னு நெனச்சு, பேரை மாத்திக்கிட்டுக் காட்டுக்குள்ள ஓடிடறாரு. அந்த ஆளு சாகவே இல்லைன்னு பல வருஷம் கழிச்சுத்தான் தெரியுது. டேனியல் பூன் 1777ல கால்ல குண்டடிபட்டுக் கிடந்தப்ப, தூக்கிக்கிட்டுக் கோட்டைக்குள்ள ஓடினவரு இந்தக் கென்டன்தான். ஷானி மக்கள்கிட்ட மாட்டி, ரெண்டு வரிசையா நின்னு அடிக்கிறவங்களுக்கு நடுவுல பலமுறை ஓடி, எரிக்கறதுக்குக் கொண்டுபோன இடத்துல பழைய சிநேகிதன் ஒருத்தனால தப்பிச்சவரு.

சண்டை எல்லாம் மாப்பிள்ளைக்குப் பிடிச்சுது. எனக்குப் பிடிச்சது, இல்லைன்னா எனக்கு வலிச்சது, வேற. கென்டன், பூன் ரெண்டு பேருமே கென்டக்கி நிலத்தை மத்தவங்களுக்கு வழிகாட்டித் திறந்துவிட்டவங்க. ரெண்டு பேருக்கும் கடைசியில அங்க நிலம் நிக்கல. ஏன்? பத்திரம் சரியில்லை. அங்க சர்க்காரு முன்கூட்டி அளந்து கல் நடல. அவனவன் சீட்டு வாங்கி, இந்த வேலமரத்துல இருந்து அந்த ஓடை வரைக்கும்ங்கற மாதிரி மரத்துல வெட்டு வெச்சு எல்லை காட்டிக்கிட்டான். ஒருத்தன் எல்லைமேல இன்னொருத்தன் எல்லை, கூரைக்கு ஓடு வேய்ஞ்ச மாதிரி ஒண்ணுமேல ஒண்ணு. படிச்சவனும் வக்கீலும் ஜெயிச்சான். பூன் 1799ல வெறுத்துப்போயி மிசௌரி பக்கம் போயிட்டாரு. அங்க ஸ்பெயின்காரன் கொடுத்த நிலமும், அந்த நாடு அமெரிக்கா கைக்கு வந்தப்ப பதிவு சரியில்லைன்னு போச்சு. 1814ல காங்கிரஸ் திருப்பிக் கொடுத்துச்சு, அதை வித்துக் கடனைக் கட்டிட்டாரு. கென்டனுக்குக் கையெழுத்து மட்டும்தான் தெரியும். 1836ல ஏழையாச் செத்தாரு.

எங்க பக்கத்துல சர்வே நம்பர் ஒண்ணு மாறி விழுந்ததுக்குப் பத்து வருஷம் செருப்புத் தேய அலைஞ்சவங்க இருக்காங்க. பட்டாவுல பேரு ஏறாம கண்ணை மூடினவங்க இருக்காங்க. இதைப் படிச்ச ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. ஆபிரகாம் லிங்கனோட அப்பா கென்டக்கியை விட்டு 1816ல இண்டியானாவுக்கு வந்ததுக்கும் இந்த நிலப்பத்திரத் தகராறு ஒரு காரணம். இண்டியானாவை அதுக்குள்ள சர்க்காரு கட்டம் கட்டமா அளந்து வெச்சிருந்துச்சு. ஏரோப்ளேன்ல இருந்து பாத்தப்ப பூமியே பாய் பின்னின மாதிரி சதுரமா இருந்துச்சே, அதுதான். ஒரு சதுர மைல் 640 ஏக்கர், அதுல கால்வாசி 160. அந்த லிங்கன் ஜனாதிபதியா 1862ல கையெழுத்துப் போட்டதுதான் ஹோம்ஸ்டெட் சட்டம். 160 ஏக்கர், அஞ்சு வருஷம் குடியிருந்து பயிர் பண்ணினா உனக்கே. கட்டணம் 18 டாலர். லாராவோட அப்பாவும் அல்மான்சோவும் டகோட்டா போனது இதுக்குத்தான். மொத்தம் 27 கோடி ஏக்கர் இப்படிக் கொடுத்திருக்காங்க.

நானும் ஒரு குடியானவன்தானுங்க, மூணேமுக்கால் ஏக்கர். 160 ஏக்கர்னு படிச்சப்ப வாயில எச்சில் ஊறுச்சு. அப்புறம்தான், அத்தனை பூமி சும்மாவா கிடந்துச்சுன்னு கேள்வி வந்துச்சு.

சும்மா கிடக்கல. லாராவோட அப்பா கன்சாஸ்ல வீடு கட்டிக் கிணறு வெட்டினாருல்ல, அந்த நிலம் ஓசேஜ் மக்களுக்குன்னு ஒப்பந்தத்துல ஒதுக்கின நிலம். இவரு அனுமதி இல்லாமக் குடியேறினவரு. நம்ம பாஷையில ஆக்கிரமிப்பு. 1871ல இவங்க அங்கிருந்து கிளம்பினாங்க. அந்தச் சமயத்துலயேதான் ஓசேஜ் மக்களும் நிலத்தை வித்துட்டு இன்னைக்கு ஒக்லஹோமான்னு சொல்ற பக்கம் போக வேண்டியதாச்சு. 1935ல வந்த முதல் பதிப்புல, அந்தப் பக்கம் பூர்வகுடிங்கதான் இருக்காங்க, மனுஷங்க யாரும் இல்லைங்கற அர்த்தத்துல ஒரு வரி இருந்துச்சாம். வாசகி ஒருத்தர் எழுதிக் கேட்டு, 1953ல அதை மாத்தினாங்க. மனுஷங்கங்கறதுக்குப் பதிலாக் குடியேறினவங்கன்னு போட்டாங்க. அந்த அம்மா பேர்ல குழந்தைப் புத்தகத்துக்குக் கொடுத்துக்கிட்டிருந்த பரிசோட பேரையும் 2018ல மாத்திட்டாங்க. அப்ப இந்தப் புத்தகத்தைப் பிள்ளைகிட்ட கொடுக்கலாமா வேண்டாமான்னு மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு வாக்குவாதம். நான் கொடுக்கலாம்னுதான் சொன்னேன். கிணத்துல விளக்கு விட்ட அதே மனுஷன்தான் அடுத்தவன் நிலத்துல கிணறு வெட்டினான். ரெண்டையும் அவ தெரிஞ்சுக்கட்டும். முதல்ல கிணறு பிடிச்சதாலதான் நிலம் யாருதுன்னு நாங்க தேடினோம்.

எக்கர்ட் புத்தகத்துலயும் ஒரு ஓட்டை இருக்கு. ப்ளூ ஜாக்கெட்னு ஷானி மக்களோட பெரிய போர்த்தலைவர் ஒருத்தரு. அவரு பொறப்புல வெள்ளைக்காரப் பையன், பிடிச்சுட்டுப் போயி வளத்தாங்கன்னு அந்தப் புத்தகத்துல வருது. ஒஹையோவுல இதை நாடகமாவே பல வருஷம் போட்டிருக்காங்க. ரெண்டு குடும்பத்து வாரிசுகளுக்கும் மரபணு சோதனை பண்ணி, சம்பந்தமே இல்லைன்னு 2006ல வெளியிட்டுட்டாங்க. நல்லா சண்டை போட்ட தலைவன்னா அவன் வெள்ளைக்காரனாத்தான் இருக்கணும்னு ஒரு நெனப்பு போல. நம்ம ஊர்லயும் இந்த வியாதி உண்டு, வேற ஜாதியில. விருந்துல பாத்த அந்த லாரி டிரைவரும் இதை அன்னைக்கே சொன்னாரு. அவரு உசுரா நெனக்கிற புத்தகம், ஆனா அதுல எது பொய்யின்னு அவருகிட்டப் பட்டியலே இருக்கு.

விருந்து நடக்கற அந்த ஆத்தங்கரையிலயே நடந்ததைத் தேடினோம். 1791ல சார்லஸ் ஸ்காட்னு ஒரு தளபதி கென்டக்கியில இருந்து குதிரைப்படையோட வந்து வீயாட்டனான்ல இருந்த வியா ஊருங்களை எரிச்சுட்டுப் போயிருக்காரு. 1811ல அங்கிருந்து கொஞ்ச தூரத்துல டிப்பிகனூ சண்டை. அதுல ஜெயிச்சதும் டெகும்சேயோட தம்பி ஊரைக் கொளுத்தி, குளிர்காலத்துக்குன்னு சேத்து வெச்சிருந்த தானியத்தையும் அழிச்சாங்க. மாசம் நவம்பர். நான் ஜன்னல் வழியா அதே நவம்பர் பனியைப் பாத்துக்கிட்டு இருந்தேன். மக்காச்சோளம், அதுமேல ஏறற அவரை, தரையை மூடற பூசணி, மூணையும் ஒரே குழியில ஊடுபயிரா வெச்சவங்க அந்த மக்கள். களையும் வராது, ஈரமும் காயாது. அப்படி விளைஞ்ச தானியத்தை எரிக்கறதுன்னா, சுவருக்குப் பின்னால இருந்த அல்மான்சோவோட விதைக் கோதுமையை எரிச்ச மாதிரிதான். 1838ல பொட்டவாட்டமி மக்கள் 859 பேரைத் துப்பாக்கி முனையில இந்த வழியாத்தான் கன்சாஸுக்கு நடத்திக் கூட்டிட்டுப் போனாங்க. நாப்பது பேருக்கு மேல வழியிலயே செத்துட்டாங்க, பாதிக்கு மேல குழந்தைங்க. வியா மக்களோட வாரிசுகளும் இப்ப ஒக்லஹோமாவுலதான் இருக்காங்க.

அதனால இந்தத் திருவிழாவெல்லாம் பொய்யின்னு ஒதுக்கிடலாமான்னா, எனக்கு மனசு வரல. கையால செஞ்சு பாக்கறதுல ஒரு நேர்மை இருக்கு. சட்டையை நூறு தடவை தைச்சவன், பொய்க்கதையில வர்ற சட்டையைக் கண்டுபிடிச்சுடுவான். நம்ம கவலை இறைப்பை எடுத்துக்கங்க. சால், வடம், தும்பி, வால்கயிறுன்னு இன்னைக்கு வாயில சொல்றதோட சரி. மாடு பின்னுக்கு வர்றப்ப என்ன சத்தம் கொடுக்கணும்னு எங்க அப்பாருக்குத் தெரியும், எனக்கு அரைகுறை, எம்மகளுக்குத் தெரியாது. அதைப் படிச்சுட்டு ஒரு லாரி டிரைவர் முப்பது வருஷம் கழிச்சு ஒரு சால் செஞ்சு பாக்கற அளவுக்கு யாராவது எழுதியிருந்தா எப்படி இருக்கும்! கிணத்துக்குள்ள விளக்கு விட்டதை அந்த அம்மா ஒரு பக்கத்துல எழுதி வெச்சதனாலதானுங்க என் பேத்திகிட்ட நான் பேச முடிஞ்சுது.

பேத்தி விஷயத்தைச் சொல்லி முடிச்சுக்கறேன். இந்த வருஷம் விருந்துக்கு அவளும் உடுப்புப் போட்டுக்கிட்டு உள்ளே கூடாரத்துல உக்காரணுமாம். ஆனா யாரா உக்காரறது? லாரா மாதிரின்னா, லாரா பொறக்கறதுக்கு நூறு வருஷம் முந்தின காலம் அது. பிரெஞ்சுப் பிள்ளையா உக்காந்தா எல்லாரும் ஒரு மாதிரி பாப்பாங்க. பூர்வகுடிப் பிள்ளை வேஷம் வேண்டாம், அது அவங்களோடதுன்னு அவளே சொல்லிட்டா. ஒம்பது வயசுல நான் இந்த அளவுக்கு யோசிக்கல. போன்ல அழுத குரல்ல, "அப்புச்சி, என்னை மாதிரி யாருமே அங்க இல்லையா?"ன்னு கேட்டா.

மாப்பிள்ளைதான் மறுபடி அந்த லாரி டிரைவரைப் பிடிச்சுக் கேட்டிருக்காரு. அவரு கேட்ட உடனே சொன்னாராம், ஆளு இருந்தாங்களான்னு தெரியாது, துணி இருந்துச்சுன்னு. அந்தக் காலத்துல நம்ம சோழமண்டலக் கரையில சாயம் போட்டு அச்சடிச்ச பருத்தித் துணி, கப்பல்ல ஐரோப்பா போயி, அங்கிருந்து அமெரிக்கக் குடியேற்றங்களுக்கும் போயிருக்கு. காலிகோ, சின்ட்ஸ்னு அந்தக் கணக்கு நோட்டுலயெல்லாம் வருதாம். ஆகவே அவ துணிக்கடை போட்டு உக்காரப் போறா. வர்ற சனத்துக்கு அவுரி எப்படி நீலம் ஆகுதுன்னு சொல்லிக் காட்டணுமாம், அதை நான் எழுதி அனுப்பணும்.

அஞ்சு மீட்டர் கேட்டிருக்கா. வர்ற திங்கக்கிழமை ராத்திரி ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்குப் போறேன். பாலியஸ்டர் ஒரு இழைகூடக் கலந்திருக்கக் கூடாதுன்னு மூணு தடவை சொல்லிட்டா. ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாத்து வாங்குங்க அப்புச்சி, சாம்பலானாப் பருத்தி, உருண்டையானா வேண்டாம்னா.